1000-ஐ 1024 ஆக்கினேன், வேகம் போனது: கேஷ் செட்டுகளைத் துரத்திய ஒரு வாரம்

256 சென்சார்கள் தரும் அளவீடுகளைச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு கணத்துக்கும் அந்த 256 மதிப்புகளின் இடைநிலை அளவைக் கணக்கிடும் சிறிய சி நிரல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு சென்சாருக்கு ஒரு வரிசை. வரிசைக்கு 1000 எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் 4 பைட். மாதக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு ஃபூரியே மாற்றம் சேர்க்க வேண்டி வந்ததால், நீளம் இரண்டின் அடுக்காக இருந்தால் வசதி என்று 1000-ஐ 1024 ஆக்கினேன். வேலை 2.4 சதவீதம்தான் கூடியது. ஆனால் நிரல் கண்ணுக்குத் தெரியும்படி மந்தமானது.

ஒவ்வொரு பகுதியாக நேரம் எடுத்துப் பார்த்தேன். இடைநிலை அளவைத் தேடும் பகுதி பழைய வேகத்திலேயே இருந்தது. அதற்கு முன்னால், ஒரு நெடுவரிசையின் 256 மதிப்புகளைப் பொறுக்கி ஒரு தற்காலிக அரேயில் வைக்கும் நாலு வரி லூப்தான் பல மடங்கு நேரம் தின்றது. வெறும் நகல் எடுப்பு. அதில் மெதுவாவதற்கு என்ன இருக்கிறது?

முதலில் கம்பைலரைச் சந்தேகித்தேன். அசெம்பிளியை எடுத்துப் பார்த்தால் தாவும் தூரத்தைத் தவிர இரண்டும் ஒன்றுதான். அடுத்த சந்தேகம் டிஎல்பி மேல். நிரலின் முகவரிகளைப் பக்கம் பக்கமாக நிஜ நினைவக முகவரிகளாக மாற்றச் செயலி வைத்திருக்கும் சிறு அட்டவணை அது. நெடுவரிசையில் இறங்கும்போது ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புதிய 4 கேபி பக்கத்தைத் தொடுகிறோம், அதனால் அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் கணக்குப் போட்டால் 1000 அகலத்தில் மொத்தம் 250 பக்கங்கள், 1024-இல் 256. ஆறு பக்கங்கள் கூடியதற்கு இந்த அளவு தாமதம் வராது. கடைசியில் லினக்ஸில் செயல்திறனை அளக்கும் பெர்ஃப் கருவியில் எல்1 தரவுக் கேஷின் மிஸ் எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. கேஷ் என்பது செயலி அண்மையில் எடுத்த தரவைக் கையருகே வைத்திருக்கும் சிறிய வேக நினைவகம், எல்1 அதன் முதல் அடுக்கு. தேடியது அங்கே இல்லாமல் போவதுதான் மிஸ். அந்த எண்ணிக்கை தாறுமாறாக ஏறியிருந்தது.

கேஷ் எப்படி அமைந்திருக்கிறது என்பதை லினக்ஸே சொல்லிவிடும். சிஸ் கோப்பகத்துக்குள் ஒவ்வொரு சிபியுவுக்கும் கேஷ் என்று ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் இண்டெக்ஸ்0, இண்டெக்ஸ்1 என்று ஒவ்வொரு கேஷுக்கும் தனித்தனிக் கோப்புறை. என் இன்டெல் மடிக்கணினியில் இண்டெக்ஸ்0 எல்1 தரவுக் கேஷ்: லைன் அளவு 64 பைட், செட்டுகள் 64, ஒவ்வொரு செட்டிலும் 8 இடங்கள். மூன்றையும் பெருக்கினால் 32,768 பைட், அதாவது 32 கேபி. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்து வந்த எல்லாக் கணக்கும் இவற்றிலிருந்து பிறந்ததுதான்.

நினைவகத்திலிருந்து எதை எடுத்தாலும் 64 பைட் கட்டாகத்தான் கேஷுக்கு வரும். லைன் என்பது இந்தக் கட்டுதான். அந்தக் கட்டு கேஷில் எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்வது முகவரியின் பிட்கள்தான். கீழ் 6 பிட்கள் ஆஃப்செட்: கட்டுக்குள் எந்த பைட் என்று சொல்பவை. அதற்கு மேலே உள்ள 6 பிட்கள் இண்டெக்ஸ்: 64 செட்டுகளில் எது என்று சொல்பவை. மீதி எல்லாம் டேக். ஒரே செட்டுக்கு வரக்கூடிய கட்டுகள் ஏராளம் என்பதால், இப்போது உள்ளே இருப்பது எந்தக் கட்டு என்று அடையாளம் காட்ட டேக்கையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். செட்டுக்குள் 8 இடங்களில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் செட் மாறி உட்கார முடியாது. என் முழுப் பிரச்சினையும் இந்தக் கடைசி வாக்கியத்துக்குள் இருந்தது. அது எனக்கு ஒரு முகவரியைக் கையால் வெட்டிப் பார்க்கும்வரை உறைக்கவில்லை.

மேட்ரிக்ஸ் முகவரி 0-வில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு, வரிசை 3, நெடுவரிசை 5-ஐ எடுத்தேன். 1024 எண்கள், தலா 4 பைட் என்றால் ஒரு வரிசை 4096 பைட். ஆக, 3 × 4096 + 5 × 4 = 12,308. இருமத்தில் எழுதி மூன்றாக வெட்டினால் இப்படி வரும்:

டேக் 11 | இண்டெக்ஸ் 000000 | ஆஃப்செட் 010100

அடுத்து வரிசை 4. டேக் 100, இண்டெக்ஸ் 000000. வரிசை 5. டேக் 101, இண்டெக்ஸ் 000000. பேனாவை வைத்துவிட்டேன். 4096 என்பது 64 × 64. ஒரு வரிசை இறங்கினால் ஆஃப்செட்டும் மாறாது, இண்டெக்ஸும் மாறாது, டேக் மட்டும் ஒன்று கூடும். அந்த நெடுவரிசையில் உள்ள 256 எண்களும் ஒரே செட்டுக்குள் நுழைய முட்டி மோதுகின்றன. அங்கே இருப்பதோ 8 இடங்கள். மற்ற 63 செட்டுகளும் அந்த நேரம் சும்மா கிடக்கின்றன.

இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், ஒரு லைனில் 16 எண்கள் வருகின்றன. நெடுவரிசை 0-க்காகக் கொண்டுவந்த லைனிலேயே 1 முதல் 15 வரை உள்ள நெடுவரிசைகளின் எண்களும் இருக்கின்றன. 256 லைன்கள் என்றால் 16 கேபி, கேஷில் பாதிதான். ஒருமுறை கொண்டுவந்தால் 16 நெடுவரிசைகளுக்கு வைத்துச் சாப்பிடலாம். ஆனால் 256-ஆவது வரிசையை எட்டும்போது முதல் வரிசையின் லைன் எப்போதோ வெளியே போய்விட்டது.

இதைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்று பைத்தானில் ஒரு கேஷ் சிமுலேட்டர் எழுதினேன். முப்பது வரிதான் வந்தது. முகவரியை 64-ஆல் வகுத்தால் கட்டின் எண். கட்டின் எண்ணைச் செட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் மீதி வருவது செட், ஈவு வருவது டேக். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு லிஸ்ட். டேக் லிஸ்டில் இருந்தால் ஹிட், அதை எடுத்துக் கடைசியில் வைப்பேன். இல்லையென்றால் மிஸ், லிஸ்ட் நிறைந்திருந்தால் முதலில் இருப்பதைத் தூக்கிவிட்டுப் புதியதைக் கடைசியில் சேர்ப்பேன். இப்படிச் செய்தால் தொட்டு நெடுநேரம் ஆனதே முதலில் வெளியேறும். நிஜ செயலிகள் பெரும்பாலும் இதற்குத் தோராயமான ஒரு முறையைத்தான் வைத்திருக்கின்றன, ஆனால் என் கேள்விக்கு இது போதும். மேட்ரிக்ஸிலிருந்து படிப்பதை மட்டும் எண்ணினேன், தற்காலிக அரேயை விட்டுவிட்டேன்.

1024 அகலம், 64 செட், 8 இடம். மொத்தம் 2,62,144 படிப்புகள். மிஸ்: 2,62,144. ஒன்றுகூட ஹிட் இல்லை. இப்படி ஒரு கச்சிதமான தோல்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

அதே 32 கேபியை வேறு வேறு விதமாகப் பிரித்துப் பார்த்தேன். செட்டுக்கு ஒரே இடம் என்று வைத்தால் 512 செட்டுகள் கிடைக்கும். நேரடி மேப்பிங் என்பது இதுதான், கட்டுக்கு ஒரே ஒரு இடம். வரிசைகள் 8 செட்டுகளில் பரவின, ஆனால் செட்டுக்கு 32 கட்டுகள் வந்து ஒரே இடத்துக்கு அடித்துக்கொண்டன. மறுபடி 2,62,144. சரி, இடங்களைக் கூட்டுவோம் என்று செட்டுக்கு 16 இடம், 32 செட் என்று வைத்தேன். அப்போதும் எல்லா வரிசைகளும் ஒரே செட்டில், 16 இடத்துக்கு 256 பேர். அதே எண். கடைசியாகச் செட்டே இல்லாமல், 512 இடங்களில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று விட்டேன். மிஸ் 16,384. அதாவது 262144 / 16. ஒவ்வொரு லைனையும் ஒரே ஒருமுறை கொண்டுவந்தால் என்ன வருமோ அதே எண்.

எனக்கு வேண்டிய பதில் இதில் கிடைத்தது. கேஷில் இடம் பற்றாமல் வந்த மிஸ் இல்லை இது. இடம் பாதி காலியாக இருக்கும்போது, மேப்பிங் காரணமாக மட்டும் வரும் மோதல் மிஸ். முழுச் சுதந்திரம் உள்ள கேஷோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும் நல்ல வழி. அப்படியானால் எல்லாக் கேஷையும் அப்படியே கட்டிவிடலாமே என்று தோன்றும். ஒவ்வொரு படிப்புக்கும் 512 டேக்குகளை ஒரே நேரத்தில் ஒப்பிட 512 ஒப்பீட்டு மின்சுற்றுகள் வேண்டும். எல்1 செயலியின் நான்கைந்து கடிகாரச் சுழற்சியில் பதில் சொல்லவேண்டிய இடம். அங்கே இது கட்டுப்படியாகாது. 8 ஒப்பீடு என்பது அந்த இழுபறியில் எட்டிய சமரசம்.

பிட்களை வெட்டி இடம் கண்டுபிடிக்கும் யோசனை கேஷ் என்ற பெயர் வருவதற்கும் முந்தையது. மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் எழுதிய ஒரு குறுங்கட்டுரையில், முகவரியின் கீழ்ப் பிட்களால் இடத்தைத் தேர்ந்தெடுத்து மீதிப் பிட்களை டேக்காக உடன் வைக்கும் சிறு நினைவகத்தை விவரித்திருக்கிறார். அவர் அதை அடிமை நினைவகம் என்று அழைத்தார். 1968-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் கேஷ் விற்பனைக்கே வந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அடிப்படை அப்படியே இருக்கிறது. அந்த எளிமைக்கு நான் தலைவணங்குகிறேன்: கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம், கம்பிகளைப் பிரித்து இழுத்தால் போதும்.

பழைய 1000 அகலம் ஏன் நன்றாக ஓடியது? அப்போது ஒரு வரிசை 4000 பைட், 62 லைனும் அரை லைனும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட 96 பைட் பின்தங்கி விழுகிறது, அதாவது ஒன்றரை லைன். இப்படி நகர்ந்துகொண்டே போய் 64 செட்டுகளையும் சுற்றி வருகிறது. 256 வரிசைகளுக்கு ஒவ்வொரு செட்டிலும் சரியாக 4 கட்டுகள். 8 இடத்தில் 4 பேர், தாராளம். சிமுலேட்டர் 16,128 என்றது. மேட்ரிக்ஸில் இருப்பது 16,000 லைன்தானே என்று முதலில் திகைத்தேன். ஒரு வரிசையின் வாலும் அடுத்த வரிசையின் தலையும் ஒரே லைனைப் பங்குபோட்டுக்கொள்ளும் இடங்கள் 128. அந்த லைன்கள் தொடக்க நெடுவரிசைகளுக்கு ஒருமுறையும் கடைசி நெடுவரிசைகளுக்கு ஒருமுறையும் வருகின்றன. 16,000 + 128. கணக்கு நேரானது.

இதே 1000 அகலத்தை நேரடி மேப்பிங்கில் ஓட்டியபோது எண் கூடியது. எங்கே என்று தோண்டினேன். வரிசை 0 தொடங்கும் முகவரி 0. வரிசை 213 தொடங்குவது 8,52,000. 64-ஆல் வகுத்தால் கட்டு எண் 13,312. அது 26 × 512, மீதி 0. ஆக வரிசை 0-வும் வரிசை 213-உம் ஒரே இடத்துக்கு வருகின்றன. ஒன்று வந்தால் மற்றது வெளியே. பக்கத்தில் நூற்றுக்கணக்கான இடங்கள் காலியாக இருந்தாலும் இந்த இரண்டும் நெடுவரிசைக்கு நெடுவரிசை ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். செட்டுக்குள் கூடுதல் இடம் வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. தற்செயலான இப்படிப்பட்ட மோதல்களை 8 இடங்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன. என் 1024 போலத் திட்டமிட்டது மாதிரி ஒரே செட்டில் வந்து குவிவதை மட்டும் அவற்றால் தாங்க முடியாது.

தீர்வு ஒரு லைன் அளவுக்கு இடைவெளி விடுவது. ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் 16 எண்கள் அளவு இடத்தைச் சும்மா விட்டால், வரிசையின் நீளம் 4160 பைட், சரியாக 65 லைன். அதே வரிசை 3, நெடுவரிசை 5 இப்போது 12,500. வெட்டிப் பார்த்தால்:

டேக் 11 | இண்டெக்ஸ் 000011 | ஆஃப்செட் 010100

வரிசை 3, செட் 3. வரிசை 4, செட் 4. 64 வரிசைகளில் 64 செட்டுகளும் நிரம்பி, மறுபடி முதலிலிருந்து சுற்றும். செலவு 16 கேபி கூடுதல் நினைவகம். சிமுலேட்டரில் மிஸ் 2,62,144-இலிருந்து 16,384-க்கு இறங்கியது.

சந்தோஷத்தில், முகவரிகளை நானே கணக்கிடுவதை விட்டுவிட்டு, நிஜ நிரல் தொடும் முகவரிகளையே ஒரு கோப்பில் எழுதச் சொல்லி அதைச் சிமுலேட்டருக்குக் கொடுத்தேன். 16,640 வந்தது. 256 அதிகம். வரிசைக்கு ஒன்று வீதம் ஒரு மிஸ் எங்கிருந்தோ வருகிறது. ஒரு மாலை முழுவதும் சிமுலேட்டரில் பிழை தேடினேன். பிழை அங்கே இல்லை. மேட்ரிக்ஸுக்காக, நினைவகம் ஒதுக்கித் தரும் மால்லாக் அழைப்பு கொடுத்த முகவரியைப் பதினாறடிமானத்தில் அச்சிட்டபோது கடைசி இலக்கங்கள் 010 என்று இருந்தன. இவ்வளவு பெரிய கேட்புக்கு லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி தனியாக ஒரு பகுதியைக் கேட்டு வாங்கி, தன் கணக்குக்கு முதல் 16 பைட்டை வைத்துக்கொண்டு மீதியைத்தான் நம்மிடம் தருகிறது. அதனால் ஒவ்வொரு வரிசையும் லைனின் நடுவில் தொடங்கி, 64 லைனில் அடங்க வேண்டியது 65 லைனைத் தொட்டது. 256 × 65 = 16,640. 64-இன் மடங்கில் தொடங்கும் நினைவகத்தைக் கேட்கும் அலைன்டு அல்லாக் அழைப்புக்கு மாற்றியதும் 16,384. அந்த எண் திரையில் விழுந்த கணம் எனக்கு இந்த வாரத்திலேயே பெரிய நிறைவு.

சிமுலேட்டர் நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும் என்பதால் நிஜச் செயலியிடமும் கேட்க வேண்டியிருந்தது. சரியாக 4096 பைட் இடைவெளியில் சில பாயிண்டர்களை வைத்து, ஒன்று அடுத்ததைக் காட்டும்படி கலைத்துக் கோத்தேன். ஒன்றைப் படித்து முடித்தால்தான் அடுத்த முகவரி தெரியும் என்பதால் செயலியால் முன்கூட்டியே ஓடிவிட முடியாது. இந்த வளையத்தைப் பல லட்சம் முறை சுற்றி, ஒரு படிப்புக்கு எவ்வளவு என்று பார்த்தேன். 1 முதல் 8 வரை கோடு மட்டமாகப் போனது, எல்1-இன் நான்கைந்து சுழற்சிகளில். 9-இல் ஏறத் தொடங்கி, மேலும் சில சேர்த்ததும் அடுத்த அடுக்கான, மெதுவான எல்2 கேஷின் தாமதத்துக்கு அருகே போய் நின்றது. 32 கேபி கேஷ் ஒன்று 9 லைன்களிடம் தோற்பதை வரைபடத்தில் பார்ப்பது தனி அனுபவம். இடைவெளியை 4160 ஆக்கினேன். 9, 20, 40 என்று எதற்கும் கோடு அசையவில்லை. 64-ஐத் தாண்டியபின் ஏறியது, ஆனால் அது டிஎல்பியின் எல்லை. முன்பு நான் சந்தேகித்து விட்டுவிட்ட அதே ஆள், இந்த முறை தன் சொந்த வேலையாக வந்திருந்தது.

நான் ஓட்டிய நிரல் பார்ப்பது மெய்நிகர் முகவரி. கேஷ் பார்க்க வேண்டியது நிஜ நினைவக முகவரி. இரண்டும் வேறு வேறு என்றால் என் கையெழுத்துக் கணக்கு எப்படிப் பலித்தது? 4 கேபி பக்கத்துக்குள் கீழ் 12 பிட்கள் மொழிபெயர்ப்பில் மாறுவதே இல்லை. 6 பிட் ஆஃப்செட்டும் 6 பிட் இண்டெக்ஸும் சேர்ந்தால் சரியாக அந்த 12. அதனால் டிஎல்பி மேல் பிட்களை மாற்றிக்கொண்டிருக்கும்போதே எல்1 தன் செட்டைத் திறந்துவிடலாம், டேக் வந்ததும் ஒப்பிட்டால் போதும். 2019-இல் வந்த ஐஸ் லேக் செயலிகளில் எல்1 தரவுக் கேஷ் 48 கேபி ஆனபோதும் செட்டுகள் 64-ஆகவே இருந்தன, இடங்கள்தான் 8-இலிருந்து 12 ஆயின. இந்த 12 பிட் எல்லைதான் அப்படி வளர வைக்கிறது.

எல்2-வில் கதை வேறு. என் கணினியில் அது 256 கேபி, 512 செட், செட்டுக்கு 8 இடம். இண்டெக்ஸுக்கு 9 பிட் வேண்டும், அவற்றில் மேல் 3 பிட்கள் பக்க எல்லைக்கு அப்பால் இருப்பவை. இயங்குதளம் எந்தப் பக்கத்தை எங்கே வைத்ததோ அதைப் பொறுத்து அவை அமையும். ஆனாலும் கீழ் 6 பிட்கள் மாறாததால், 1024 அகலத்தில் ஒரு நெடுவரிசைக்கு எல்2-விலும் அதிகபட்சம் 8 செட்டுகள்தான் கிடைக்கும். 8 × 8 = 64 இடம், வருவது 256 லைன். எல்1-இல் தப்பியதை எல்2 பிடித்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். அங்கேயும் பாதிக்கு மேல் வழிந்து, அதற்கும் அடுத்த, இன்னும் மெதுவான எல்3-க்குப் போயிருக்கிறது. வெறும் எல்1 மிஸ்ஸுக்கு இவ்வளவு மந்தமா என்று முதலில் எழுந்த கேள்விக்கு இது விடை.

நெடுவரிசையைத் தனித்தனியாகப் பொறுக்காமல், 16 நெடுவரிசைகளைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் 16 அரேகளில் பிரித்து வைப்பது இன்னொரு நல்ல வழி. லைன் வந்த கையோடு அதன் 16 எண்களையும் பயன்படுத்திவிடுவதால் அது பிறகு வெளியேறினாலும் கவலையில்லை. அதையும் எழுதி ஓட்டினேன், நன்றாகவே ஓடியது. ஆனால் நிரலின் மற்ற நாலைந்து இடங்களிலும் இதே மேட்ரிக்ஸில் நெடுவரிசையாக இறங்குகிறேன். எல்லாவற்றையும் திருத்துவதைவிட அடுக்கும் முறையை ஒரே இடத்தில் மாற்றுவது எனக்குச் சரியாகப் பட்டது. அதனால் இடைவெளி விடும் முறையையே வைத்துக்கொண்டேன்.

அகலம் நாளைக்கு வேறாகலாம் என்பதால், வரிசையின் நீளத்தைக் கணக்கிட ஒரு ஃபங்ஷன் எழுதினேன். முதலில் செய்தது, பைட் எண்ணிக்கையை 64-இன் அடுத்த மடங்குக்கு உயர்த்துவது, அது 4096-இன் மடங்காக வந்தால் மட்டும் ஒரு லைன் கூட்டுவது. 500 அகலத்தில் சோதித்தேன். 500 எண்கள் 2000 பைட். 64-இன் மடங்குக்கு உயர்த்தினால் 2048. சிமுலேட்டர் 1,28,000 படிப்புக்கு 1,28,000 மிஸ் காட்டியது. 2048 என்பது 32 லைன். வரிசைகள் செட் 0, செட் 32 இரண்டுக்குள் மட்டும் மாறி மாறி விழுகின்றன. ஒழுங்காக அடுக்குகிறேன் என்று நானே வலியப் போய் இந்தக் குழியை வெட்டியிருக்கிறேன்.

நிபந்தனையை மாற்றினேன். 64-இன் மடங்குக்கு உயர்த்திய பிறகு, லைன்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் ஒன்று கூட்டு. ஒற்றைப்படை எண்ணுக்கும் 64-க்கும் பொதுக் காரணி கிடையாது, ஆகவே அடுத்தடுத்த எந்த 64 வரிசைகளை எடுத்தாலும் 64 வேறு வேறு செட்டுகளில்தான் விழும். 1000-க்கு 63 லைன், அப்படியே விட்டது. 1024-க்கு 65. 512-க்கு 33. 500-க்கும் 33, மிஸ் 8,192. ஃபங்ஷனுக்கு மேலே காரணத்தை ஆறு வரியில் எழுதி, வரிசை 3-இன் இரண்டு முகவரிகளையும் மூன்றாக வெட்டியபடியே அங்கே வைத்திருக்கிறேன்.